குளிர் அறியாத செப்பு மனிதன்

கம்பளிப் போர்வை சூடு தருகிறதா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும், "அதில் என்ன சந்தேகம்?" என்றுதான் பதில் வரும். மார்கழி மாதத்து விடியற்காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவரை எழுப்பிக் கேட்டால், அவர் பதில் கூடச் சொல்ல மாட்டார். போர்வையை இன்னும் கொஞ்சம் இறுக இழுத்துக் கொள்வார். ஆயினும், போர்வைக்கென்று சொந்தமாக இம்மியளவு சூடும் கிடையாது. அதே போர்வையால் ஒரு பனிக்கட்டியைச் சுற்றி வைத்துப் பாருங்கள். வெளியே கிடக்கும் பனிக்கட்டி நீராய் ஓடிய பிறகும், உள்ளே இருப்பது வெகுநேரம் கரையாமல் இருக்கும்.

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டிடம், 1842-இல் பனிக்கட்டி வைப்பதற்காகவே கட்டப்பட்டது. அமெரிக்காவிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் குளங்களில் பனிக்காலத்தில் வெட்டியெடுத்த கட்டிகள், மரத்தூளில் பொதியப்பட்டு, மாதக்கணக்காகக் கப்பலில் பிரயாணம் செய்து, பூமத்திய ரேகையை இருமுறை தாண்டி இங்கே வந்து சேர்ந்தன. மரத்தூளுக்குக் குளிர் உண்டாக்கும் சக்தி இல்லை. கம்பளிக்குச் சூடு உண்டாக்கும் சக்தி இல்லை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. உஷ்ணம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓடிவிடாமல் அவை தாமதப்படுத்துகின்றன.

சூட்டை உண்டாக்குவது நமது தேகம். உண்ட உணவு உள்ளே மெல்ல எரிந்து உஷ்ணமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய தேகத்திலிருந்து வெளியாகும் உஷ்ணம் சுமார் 100 வாட். அதாவது, பழைய காலத்து 100 வாட் மின்சார விளக்கு ஒன்று வாங்கும் சக்திக்குச் சமானம். கல்யாணப் பந்தலில் 500 பேர் கூடியிருந்தால், அங்கே 50,000 வாட் அடுப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் எரிந்து கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேளக்காரர் வியர்த்துக் கொட்டுவதில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

இந்த உஷ்ணம் உண்டாகிற வேகத்திலேயே வெளியேறவும் வேண்டும். வேகமாகப் போய்விட்டால் நடுங்குகிறோம். போக வழியில்லாவிட்டால் புழுங்குகிறோம். போவதற்கு வழிகள் நான்கு உண்டு. தொட்ட பொருளுக்குக் கடத்தப்பட்டுப் போவது ஒன்று. மேலே பட்டு நகரும் காற்றோடு போவது ஒன்று. கதிர்களாய் வீசப்பட்டு எதிர்ச் சுவருக்குப் போவது ஒன்று. வியர்வை ஆவியாகும்போது அதனோடு போவது ஒன்று. உடை என்பது இந்த நான்கு வழிகளிலும் நாம் வைக்கும் கதவு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மூடியிருக்கிறது என்று கணக்காகச் சொல்ல முடியுமா? அதைச் சொல்வதற்காகவே ஒரு பொம்மை பிறந்தது. அதன் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

துணியின் குணத்தை அறியப் பொம்மை எதற்கு, ஒரு சூடான தகட்டின்மேல் துணியை விரித்துச் சோதித்தால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். துணியைச் சோதிக்க அது போதும். உடையைச் சோதிக்கப் போதாது. சட்டை தோளில் ஒட்டிக் கிடக்கும். முதுகில் விலகி நிற்கும். கழுத்து வழியே காற்று ஏறும். இடுப்பில் இரண்டு மடிப்பாகும். ஆகையால் மனித உருவம் இல்லாமல் காரியம் நடவாது.

அப்படியானால் மனிதனையே நிறுத்திச் சோதிக்கலாமே என்றால், அங்கேதான் பெரிய சங்கடம் இருக்கிறது. மனித தேகம் நடுநிலையான சாட்சி அன்று. குளிர் பட்டவுடன் தோலுக்கு ஓடும் இரத்தத்தைச் சுருக்கிக் கொள்கிறது. பிறகு நடுங்கி அதிக உஷ்ணத்தை உண்டாக்குகிறது. ஒரு நாள் பழகினால் மறுநாள் வேறு விதமாக நடந்து கொள்கிறது. சாப்பிட்டு வந்தவனும் பட்டினியாய் வந்தவனும் ஒரே சட்டையைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறைந்து போகிற குளிரில் ஒரு மனிதனை நிறுத்தி, இந்த உடை போதவில்லை என்று கண்டுபிடிப்பது தர்மமும் அன்று.

1940-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், களைப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஏற்பட்டிருந்த பரிசோதனைச் சாலையில் ஹார்வுட் பெல்டிங் என்பவர் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டார். அடுப்புப் புகைபோக்கிக் குழாயையும் உலோகத் தகட்டையும் கொண்டு ஒரு பொம்மை செய்தார். அதற்குத் தலையும் இல்லை, கையும் இல்லை. உள்ளே ஒரு மின்சார அடுப்பும், சூட்டைப் பரப்ப ஒரு சிறு விசிறியும் மட்டும் இருந்தன. பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியாருடன் சேர்ந்து, மின்சாரத்தால் செம்பு படிய வைத்துச் செய்த முழு உருவமே உண்டாயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவம் லாரன்ஸ் நகரில் ஏற்படுத்திய சீதோஷ்ண ஆராய்ச்சிச் சாலையில் இந்தச் செப்பு மனிதன் குடியேறினான். அந்த நகரம் இருப்பதும் நமக்குப் பனிக்கட்டி அனுப்பிய அதே மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில்தான்.

அவன் வேலை செய்யும் முறை மிகவும் எளிது. அவனுடைய மேற்பரப்பு எப்பொழுதும் மனிதத் தோலின் அளவாக, சுமார் 34 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும்படி மின்சாரம் செலுத்துகிறார்கள். சுற்றியுள்ள அறையைக் குளிர வைக்கிறார்கள். குளிரால் எவ்வளவு உஷ்ணம் போகிறதோ, அவ்வளவு மின்சாரம் உள்ளே போயாக வேண்டும். மின்சாரத்தை அளக்க மானி இருக்கிறது. ஆகவே உஷ்ணமும் அளக்கப்பட்டு விடுகிறது. உடையில்லாமல் நிற்கும்போது 200 வாட் தேவைப்பட்டது என்றும், ஓர் உடுப்பை மாட்டிய பிறகு 100 வாட் போதுமாயிற்று என்றும் வைத்துக் கொள்வோம். உஷ்ணத்துக்கு இருந்த தடை இரட்டித்து விட்டது என்று நாலாம் வகுப்புப் பையனும் சொல்லிவிடுவான்.

அளவு என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு பெயரும் வேண்டும் அல்லவா? 1941-இல் காகி, பர்ட்டன், பாஸெட் என்னும் மூன்று விஞ்ஞானிகள் 'கிளோ' என்ற அளவை ஏற்படுத்தினார்கள். உடை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களே அந்தப் பெயர். 21 டிகிரி உஷ்ணமும், காற்றசைவு அதிகம் இல்லாமலும் உள்ள அறையில், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுகமாக இருப்பதற்கு எவ்வளவு உடை வேண்டுமோ அது 1 கிளோ. அந்த நாளில் மேனாட்டுக் கனவான் ஆபீஸுக்கு அணிந்து சென்ற கோட்டும் கால்சட்டையும் உள்ளுடையும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்தது. முழம் என்பது ஒருவர் கையிலிருந்து பிறந்தது போல, கிளோ என்பது ஒருவர் துணி அலமாரியிலிருந்து பிறந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்; பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

பொம்மை சொன்ன முதல் விந்தை, உடையே இல்லாதவனுக்கும் ஓர் உடை உண்டு என்பது. அசையாத காற்று தோலின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக் கொண்டிருக்கிறது. அந்தப் படலம் மட்டும் ஏறக்குறைய முக்கால் கிளோ பெறும்! கம்பளியும் பஞ்சும் இறகும் சூடாக இருப்பதாகத் தோன்றுவதும் இந்தக் காற்றினால்தான். நூலிழைகள் காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்படுத்தி வைக்கின்றன. இரண்டு மெல்லிய சட்டைகள் ஒரு தடித்த சட்டையைவிட நன்றாகக் குளிர் தாங்குவது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று மூன்றாவது சட்டையாகிறது. மின்சார விசிறியின் கீழே உட்கார்ந்தால் சுகமாக இருப்பதன் இரகசியமும் இதுவே. விசிறி அறைக் காற்றைக் குளிர்விப்பதில்லை. நாம் அறியாமல் அணிந்திருக்கும் காற்றுச் சட்டையை உரித்து எறிகிறது. வியர்வை விரைவில் உலரவும் செய்கிறது.

பரிசோதனைச் சாலையில் வேலை தொடங்கிவிட்ட போதிலும், யுத்தம் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1943-ஆம் வருஷம் மே மாதத்தில், அலாஸ்காவுக்கு மேற்கே பனிமூட்டம் சூழ்ந்த ஆட்டு என்னும் தீவை ஜப்பானியரிடமிருந்து மீட்க அமெரிக்கச் சிப்பாய்கள் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கலிபோர்னியாவில் பாலைவனப் போருக்காகப் பயிற்சி பெற்ற பிரிவினர். அவர்கள் காலில் தோல் பூட்ஸு. தரையோ உருகிய பனியும் சேறும் கலந்த சதுப்பு. மூன்று வாரத்துக்குள் சண்டை முடிந்தபோது இறந்து போன அமெரிக்கர்கள் 549 பேர். குளிரினால் கடுமையாகத் தேகம் கெட்டவர்கள் சுமார் 1,200 பேர். இறந்தவரைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டவர்களை, எதிரியின் குண்டு அல்ல, பொருந்தாத பூட்ஸும் உடுப்பும் வீழ்த்தின. உடையின் அளவு வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் ஆட்டுத் தீவு மற்றொன்றையும் காட்டியது. அன்றைய செப்பு மனிதன் உலர்ந்த மனிதன், அசையாத மனிதன். அவன் சேற்றில் நடக்கவில்லை. துணி நனைந்தால், காற்று இருந்த இடத்தில் நீர் வந்து உட்கார்ந்து கொள்ளும். நீரோ காற்றைப் போல் 20 மடங்குக்கு மேல் உஷ்ணத்தைக் கடத்தும். நடந்தால், கையும் காலும் ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உடைக்குள் இருந்த சூடான காற்று துருத்தியிலிருந்து போவதுபோல் வெளியே போய்க் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நின்ற பொம்மைமேல் எடுத்த அளவை நம்பி நடக்கிற மனிதனை அனுப்பினால் அவன் ஏமாந்து போவான்.

ஆகவே பிற்காலத்தவர் பொம்மையை மனிதனாக்க முயன்றார்கள். ஒரே அடுப்பு வைத்த பொம்மைக்குப் பதிலாக, தலை, மார்பு, முதுகு, கை, பாதம் என்று 20, 30 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பும் தனிக் கணக்கும் வைத்தார்கள். முதுகு சுகமாக இருக்கும்போதே பாதம் விறைக்கக்கூடும் என்பது அப்பொழுதுதான் எண்ணிக்கையில் தெரிந்தது. கையையும் காலையும் யந்திரத்தால் ஆட்டி நடக்க வைத்தார்கள். 1980-களில் பின்லாந்து தேசத்தில் கொப்பேலியஸ் என்னும் பொம்மை வியர்க்கத் தொடங்கியது. ஹாங்காங்கில் ஜிந்து ஃபான் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டத்தாரும் செய்த வால்ட்டர் என்னும் பொம்மையோ செம்பும் அல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல. அதன் தோல் ஒரு விசேஷத் துணி. உள்ளே முழுவதும் வெந்நீர். இருதயம் இரத்தத்தைச் செலுத்துவதுபோல் ஒரு பம்பு அந்த நீரைச் சுழலச் செய்கிறது. துணித் தோல் நீரை விடாமல் ஆவியை மட்டும் விடுவதால், பொம்மை இடைவிடாமல் வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தைக் கொண்டு போகும். உழைப்பவனுக்கு வியர்வையை உலர விடாத உடை எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இராணுவத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். இமயமலை யாத்திரை போகிறவர்கள் இப்பொழுது உறை போன்ற படுக்கையை வாங்கிக் கொண்டு போகிறார்கள். இன்ன டிகிரிக் குளிர் வரை தாங்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். முற்காலத்தில் இந்த எண்ணை ஒவ்வொரு வியாபாரியும் தமக்குத் தோன்றியபடி போட்டுக் கொண்டார். ஐரோப்பியர் 2002-இல் இதற்கு ஒரு பொது விதி செய்து, சூடேற்றிய பொம்மையைப் படுக்கைக்குள் படுக்க வைத்து அளந்த பிறகே எண்ணைப் போட வேண்டும் என்று நிர்ணயித்தார்கள். வியாபாரியின் வாய்ச்சொல்லுக்கும் வாங்குகிறவரின் நம்பிக்கைக்கும் நடுவே ஒரு நடுவர் வந்து சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாப் பொம்மைகளிலும் நம் மனத்தைக் கவர்வது மிகச் சிறிய பொம்மைதான். ஸ்வீடன், பிரான்ஸ் முதலிய தேசங்களில், குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் அளவில் பொம்மைகள் செய்து, குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டியிலும் படுக்கையிலும் கிடத்தி, எங்கே எவ்வளவு உஷ்ணம் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். உஷ்ணம் உண்டாவது தேகத்தின் எடையைப் பொறுத்தது. போவது தோலின் பரப்பைப் பொறுத்தது. 3 கிலோ குழந்தைக்கு, எடைக்கு எடை கணக்கிட்டால், பெரியவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் தோல் இருக்கிறது. 1 கிலோ குறைமாதக் குழந்தைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. பெரியவரைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக் கொள்ளவும் அதற்குத் தெரியாது. மேலும் குழந்தையின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். ஆகையால் பிறந்தவுடன் ஈரம் துடைப்பதும், தலைக்குக் குல்லாய் போடுவதும், தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பதும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. உயிர் காக்கும் வைத்தியங்கள். அந்த அளவுகளை எடுப்பதற்கு ஒரு சிசுவையும் குளிரில் கிடத்த வேண்டியிருக்கவில்லை என்பது பொம்மை செய்த பெரிய உபகாரம்.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். மேனாட்டுக் கனவானின் கோட்டிலிருந்து பிறந்த கிளோ, யுத்தம் முடிந்த பின் கட்டிடங்களுக்குள் நுழைந்தது. ஓர் ஆபீஸ் அறையை எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்று கணக்கிடும் எஞ்சினீயர், அங்கே இருப்பவர்கள் எத்தனை கிளோ உடுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறார். கோடைக்கு 0.5, பனிக்காலத்துக்கு 1 என்பது வழக்கமாகிவிட்டது. அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு 0.1 கிளோ குறைந்தால், அறை அரை டிகிரிக்குச் சற்று மேல் சூடாக இருந்தாலும் அதே சுகம் கிடைக்கும். ஜப்பானில் 2005-இல் சர்க்காரே முன்வந்து, கோடையில் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் கழற்றிவிட்டு ஆபீஸ்களை 28 டிகிரியில் வைத்துக் கொள்ளும்படி வேண்டினார்கள். அறைக்குக் குளிர் ஊட்டுவதைவிட மனிதனின் கழுத்துக்கு விடுதலை கொடுப்பது மலிவு என்று அவர்கள் கண்டார்கள்.

நம் தேசத்தின் நிலை என்ன? கிளோ அட்டவணைகளில் ஷர்ட்டு இருந்தது, கால்சட்டை இருந்தது, பாவாடை போன்ற மேனாட்டு ஸ்கர்ட்டு இருந்தது. கோடிக்கணக்கான ஸ்திரீகள் தினந்தோறும் உடுத்தும் புடவை வெகுகாலம் சரியான இடம் பெறவில்லை. புடவையைச் சூடேற்றிய பொம்மைக்கு உடுத்தி அளந்து, மாதவி இந்திரகண்டி என்னும் ஆராய்ச்சியாளரும் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி பிரிவைச் சேர்ந்தவர்களும் கண்ட முடிவுகள் 2015-இல் வெளியாயின. அதே ஆண்டில், இங்கிலாந்தின் லஃப்பரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாவெனித்தும் அவருடன் உழைத்தவர்களும் மேனாட்டு உடை அல்லாத பல தேசத்து உடைகளை அளந்து வெளியிட்டார்கள்.

புடவைச் சோதனையில் தெரிந்த உண்மை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிது அல்ல. ஒரே புடவை, கட்டுகிற விதத்தைப் பொறுத்து வெவ்வேறு உடையாகிவிடுகிறது. முன் கொசுவத்தில் எத்தனையோ மடிப்பு. இடுப்பில் ஒன்றும் இல்லை. தலைப்பைப் பின்னால் தொங்க விட்டால் ஒரு கணக்கு. தோளைச் சுற்றிப் போர்த்திக் கொண்டால் வேறு கணக்கு. கோட்டுக்காரருக்குப் புழுங்கினால் கழற்றுவதைத் தவிர வழி இல்லை. புடவைக்காரி தலைப்பைச் சற்று நகர்த்தினால் போதும். அந்த நகர்த்தலுக்கும் ஓர் எண் உண்டு என்று இப்பொழுது பொம்மை சாட்சி சொல்லிவிட்டது.

இதை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தியாவில் 2020-ஆம் வருஷம் ஜனவரி முதல், அறையைக் குளிர்விக்கும் யந்திரங்கள் தொடக்கத்திலேயே 24 டிகிரியில் அமைக்கப்பட்டு வர வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். யந்திரத்துக்கு விதி செய்தாயிற்று, உடைக்கு? மெல்லிய வேஷ்டியும் அரைக்கைச் சட்டையும் பருத்திப் புடவையும் உள்ள தேசத்தில், கோட்டு மாட்டிக் கொண்டு, அதைத் தாங்குவதற்காக அறையைக் குளிர்வித்து, அந்தக் குளிரைத் தாங்குவதற்காகப் பெண்கள் சால்வை கொண்டு வந்து போர்த்திக் கொள்வதைப் பல ஆபீஸ்களில் காணலாம். இரண்டு பக்கமும் செலவு; இரண்டு பக்கமும் கஷ்டம்.

செப்பு மனிதனுக்குச் சுகமும் தெரியாது, துக்கமும் தெரியாது. குளிர்கிறது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆகையினால்தான் குளிரைப் பற்றி அவன் சொல்வதை எல்லோரும் ஒப்புக் கொள்கிறார்கள். ஆனால் அவன்மேல் எதை உடுத்துகிறோமோ அதைப் பற்றி மட்டுமே அவன் பேசுவான். கோட்டை மாட்டினால் கோட்டைப் பற்றிச் சொல்வான். புடவை கட்டினால் புடவையைப் பற்றிச் சொல்வான். பிறருடைய உடையில் எடுத்த அளவைக் கொண்டு நம் அறைகளைக் கட்டிவிட்டு, பிறகு நம் தேகத்தைக் குறை சொல்வதில் பயன் இல்லை. நம் சர்வகலாசாலைகளிலும் தொழிற் பள்ளிகளிலும் உள்ள வாலிபர்கள் இத்துறையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வெயிலில் கதிர் அறுப்பவர், உலைக்களத்தில் நிற்பவர், விடியலில் கடலுக்குப் போகும் வலைஞர், மலைத் தோட்டத்தில் மழையில் கொழுந்து கிள்ளுபவர் ஆகிய ஒவ்வொருவருடைய உடையையும் பொம்மைமேல் ஏற்றி, அது போதுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.